சோழி வைத்து கிரகணம் கணித்தவர்

போன மாதம் சிதம்பரத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். பத்தாம் வகுப்பில் எனக்கு அறிவியல் எடுத்தவர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனால் ஓய்ந்தபாடில்லை. எங்கள் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில் விண்வெளி அறிவியல் பற்றி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒருநாள் கூட்டமாம். அதில் நானும் அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

சந்திரயான் படங்கள், ஸ்ரீஹரிகோட்டா காணொளி என்று ஸ்லைடுகளை மனசுக்குள்ளேயே அடுக்க ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் அதற்கும் முந்திக்கொண்டார். "தம்பி, ராக்கெட் படம் போட்டுக் காட்டாதே. அதெல்லாம் பசங்க யூட்யூப்ல பாத்துக்குவாங்க. நம்ம கடலோரத்துல வானத்தைப் பாத்தவங்க யாராவது இருந்தாங்களா? அதைச் சொல்லு."

ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் மையத்தை ஒட்டி ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கென்றே அங்கே ஆண்டுதோறும் விண்வெளி மாநாடு நடக்கும். அவர்கள் கையில் நிலாவிலிருந்து வந்த கல்லே இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியோடு என் பழைய குறிப்பு நோட்டுகளைப் புரட்டினேன். கடலூரிலிருந்து வடக்கே இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள், அதாவது புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள், மூன்று கதைகள் கிடைத்தன.

முதல் கதை 1689-இல் நடந்தது. புதுச்சேரியில் தங்கியிருந்த ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், அந்த டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் தேடிக்கொண்டிருந்தார். அப்போது தெற்கு வானத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரி விண்மீன் அவருக்கு ஒன்றாகத் தெரியவில்லை, இரண்டாகத் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரிவது இரட்டை விண்மீன் என்று அவர் கண்டுகொண்டார். இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி வழியாக நடந்த ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகளில் இது முக்கியமானது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் கூட்டம் அதுதான் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. அடுத்த வருஷம், 1690-இல், ஆங்கிலேயர் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எங்களுடையது என்று எல்லை போட்ட 'குண்டு கிராமங்கள்' கதை கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ரிஷோவின் கதை தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

இரண்டாவது கதை கொஞ்சம் சோகமானது. வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை உலகின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஹாலி யோசனை சொல்லியிருந்தார். இந்தக் கடப்பு எட்டு வருஷ இடைவெளியில் ஜோடியாக வரும், அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1761 ஜூன் 6 கடப்பைப் புதுச்சேரியில் பார்ப்பதற்காக, பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தி 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள், பிடித்து அதையும் தரைமட்டமாக்கினார்கள். கணக்குத் தீர்ந்தது! நடுக்கடலில் சேதி தெரிந்து கப்பல் திரும்பியது. கடப்பு நடந்த நாளில் லெ ஜாந்தி ஆடுகிற கப்பல் தளத்தில் நின்றுகொண்டிருந்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் துல்லியமாக நேரம் குறிப்பது எப்படி?

மனிதர் ஊருக்குத் திரும்பவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து அடுத்ததைப் பார்த்துவிட்டே போவது என்று இந்தப் பக்கமே சுற்றினார். 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்தார். இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் கொடுத்தனுப்பினார்கள். இதே ஊரை இடித்தவர்கள்தான்! 1769 ஜூன் 4 காலை, நேரம் பார்த்து மேகம் மூடியது. கடப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் சூரியன் பளீரென்று வெளியே வந்தது. 1771 அக்டோபரில் அவர் பிரான்சு போய்ச் சேர்ந்தபோது, அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்குபோடும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

2004 ஜூன் 8-இல் இதே வெள்ளிக் கடப்பு வந்தபோது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. ஒரு 'ப்ரொடக்‌ஷன் இஷ்யூ'வில் மாட்டி, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து கோட்டைவிட்டேன். 2012 ஜூன் 6-இல் வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சூரியன் மேல் மிளகு அளவு கறுப்புப் புள்ளி. அடுத்தது 2117-இல்தான். அதனால் லெ ஜாந்தி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் நம் கதைக்கு முக்கியம் அவர் பார்க்காமல் விட்டது அல்ல, பார்த்தது. காத்திருந்த காலத்தில் இங்குள்ள தமிழர்கள் கிரகணம் கணிப்பதைக் கவனித்து, அந்த முறையைக் கற்றுக்கொண்டார். சோழிகளை நகர்த்தியே கணக்குப் போட்டார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். தமிழ்க் கணக்கில் கிரகணத்தின் மொத்த நேரம் 41 வினாடி குறைவாக வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 வினாடி கூடுதலாக வந்தது.

மூன்றாவது கதை அதற்கு அறுபது வருஷம் கழித்து, அதே புதுச்சேரியில். ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சுக்காரராக இருந்தும் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். 1802-இல் கோலாருக்குப் போய் அங்கே தங்கம் கிடைப்பதைப் பற்றி எழுதியவரும் இவர்தான், கே.ஜி.எஃப். படம் பார்த்தவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளை விளக்கி 'கால சங்கலித' என்ற பெரிய நூலை எழுதினார். அது 1825-இல் சென்னையில் அச்சானது.

புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரை வாரன் சந்திக்கிறார். அவர் காகிதம் எடுக்கவில்லை, ஓலை எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டே, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்கிறார். அசல் நேரத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம். வாரன் அவருடைய ஞாபகசக்தியைப் பாராட்டுகிறார். கூடவே, வானியல் தத்துவம் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்றும் எழுதுகிறார். அவர் பெயரை வாரன் ஆங்கில எழுத்தில் எழுதியதை அப்படியே வாசித்தால் 'சாமி நாடன் சாஷியா' என்று வருகிறது. சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தச் சோழிக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? நம்ம தொழில் பாஷையில் சொல்கிறேன்.

நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், விலகும்போது நிதானம். இந்தச் சுற்று சுமார் 27.55455 நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. முழு எண்ணாக இல்லாததால் நாள்வாரியாக அட்டவணை போடுவது கஷ்டம். ஆனால் ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துக்களுக்குள் ஒளித்து வைத்த எண், அந்த நாளின் நிலா இருப்பிடம். 248 வரி 'லுக்அப் டேபிள்', வன்தட்டுக்குப் பதிலாக மூளையில்.

248-ஐ 9-ஆல் வகுத்தால் 27.5556. ஒரு சுற்றுக்கு சுமார் 87 வினாடி பிழை, சேர்ந்துகொண்டே போகும். அதற்காகவே இன்னொரு எண் வைத்திருக்கிறார்கள்: 3031 நாளில் 110 சுற்று. வகுத்துப் பாருங்கள், 27.554545. பிழை அரை வினாடிக்கும் குறைவு! இன்னும் பெரிதாக 12372 நாளில் 449 சுற்று. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எடுத்து, பெரிய எண்களை முதலில் கழித்து, பிறகு சின்ன எண்களைக் கழித்து, மிச்சம் வருவதை 248-க்குள் கொண்டுவந்து, அந்த வரிசை எண்ணுள்ள வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதுதான். கழித்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு திருத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெருக்கல் அட்டவணை வேண்டாம், சைன் வேண்டாம். சோழி போதும். இருபது வருஷமாக நிரல் எழுதுகிறேன், இவ்வளவு சிக்கனமான நிரலை நான் எழுதியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய வானியல் வரலாற்றாளர் ஓட்டோ நொய்கெபவர், 1952-இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்த 248 நாள் கணக்கு வராகமிகிரர் நூலிலும் இருக்கிறது, அதற்கும் முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. அவரை அசத்தியது கணிப்பின் துல்லியம் அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு மரபு 1825-இல் புதுச்சேரியில் ஒரு மனிதரின் விரல்நுனியில் உயிரோடு இருந்ததே, அதுதான்.

இனி, இதில் எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

41 வினாடி கதை வாட்ஸ்அப்பில் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. 52 நிமிடக் கதை ஒருமுறைகூட வந்ததில்லை. இரண்டும் ஒரே ஊர், ஒரே முறை. (1765-இல் ஒப்பிட்டது கிரகணத்தின் மொத்த நேரத்தை, 1825-இல் ஒப்பிட்டது கடிகார நேரத்தை, இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 'அறுபது வருஷத்தில் கெட்டுப்போச்சு' என்று சொல்வதும் தப்பு.) ஆனால் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை மறைப்பது ஆராய்ச்சி இல்லை.

'தத்துவம் ஒன்றும் தெரியாது' என்ற வாரனின் வாக்கியமும் என்னைக் குத்தியது. பொறியியல் படித்தபோது லாப்லாஸ் உருமாற்றத்தின் சூத்திரங்களை நான் எப்படிப் படித்தேன்? சோழி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 'ஸ்டெப்புக்கு மார்க்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதானே? அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

மனப்பாடம் குற்றமில்லை. மனப்பாடத்தை வானத்தோடு ஒத்துப்பார்க்காமல் விடுவதுதான் குற்றம். ஒத்துப்பார்த்தவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். கேரளத்துப் பரமேஸ்வரர் ஐம்பத்தைந்து வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கைத் திருத்தி 1431-இல் 'திருக்கணித' நூலை எழுதினார். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2023-இல் சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி ஜனவரி 17. திருநள்ளாற்றில் கொண்டாடியது வாக்கியப்படி டிசம்பர் 20. கோயில் வழக்கம் கோயிலோடு இருக்கட்டும். ஆனால் சனி அன்றைக்கு எங்கே இருந்தது என்பதை மாடியில் ஏறி நின்று பார்த்தாலே தெரியும்.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். ஸ்லைடு இல்லை. ஒரு பை சோழி மட்டும் கொண்டுபோயிருந்தேன். ஆசிரியர்களையும் தரையில் உட்காரவைத்து, நாலு குழுவாகப் பிரித்து, 3031-ஐயும் 248-ஐயும் கழிக்கவைத்தேன். சத்தத்தில் காவலாளி எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். ஆகாயத் தலம் உங்களுடையது. அங்கே மார்கழித் திருவாதிரைக்கு ஊரே கூடுகிறது. அந்தத் திருவாதிரைதான் பீட்டல்ஜூஸ், 1920-இல் மனிதன் முதன்முதலாக விட்டம் அளந்த விண்மீன் (சூரியனை விட்டுவிடுங்கள்). 2020 ஜனவரி 10 ஆருத்ரா தரிசனத்தன்று அந்த விண்மீன் வழக்கத்தைவிட நன்றாக மங்கியிருந்தது. உலகமெங்கும் வானியலாளர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேரடியில் நின்றவர்களில் எத்தனை பேர் தலையைத் தூக்கிப் பார்த்தோம்? நானும் அன்று பார்க்கவில்லை.

கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "சார், கிரகணம் 52 நிமிஷம் தப்பா வந்துச்சே, அந்தத் தாத்தா ராத்திரி வெளியில வந்து பாத்தாரா? பாத்திருந்தா அவரே சரி பண்ணியிருப்பாருல்ல?"

அரை மணி நேரம் நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. இரவு 9.58 வாக்கில் நிழல் கடிக்க ஆரம்பித்தது, 11 மணிக்கு நிலா முழுக்கச் சிவந்தது, 1.26-க்கு விட்டது. அதற்காகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் இருக்கும் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் வெளியே வந்து கண்ணால் பார்த்த நேரத்தை எதிரே எழுதுங்கள். வித்தியாசம் எத்தனை நிமிடம் என்பதுதான் விடை. எந்த எண் வந்தாலும் மார்க் உண்டு.

மேகம் மூடினால்? அதையும் எழுதுங்கள் என்றேன். இந்தக் கடற்கரையில் அதற்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார்.