மலையேறிய மிளகாய், கடல் கடந்த ஏலக்காய்

பொழுது சாயும்போது போடிமெட்டுச் சாலையில் ஜீப்புகள் வரிசையாக இறங்குகின்றன. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன பெண்கள் திரும்பும் நேரம் அது. போடிநாயக்கனூர் டீக்கடைகளில் அடுப்பு அப்போதுதான் சூடு பிடிக்கும். ஒரு சின்னத் தட்டில் மிளகாய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு போண்டா, தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி. பிள்ளைகளுக்கு வாங்கிப் போக ஒரு வேர்க்கடலைப் பொட்டலம். மலைமேல் பூப்பாறைப் பக்கம் என்றால், அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும்.

இவற்றில் எதற்கும் பூர்வீகம் இந்த மலை அல்ல. மிளகாய் மெக்சிகோவிலும், உருளைக்கிழங்கு பெரு நாட்டை ஒட்டிய ஆண்டீஸ் மலைகளிலும், கப்பை பிரேசிலிலும் பயிரானவை. தக்காளியும் வேர்க்கடலையும் அதே அமெரிக்க நிலப்பரப்பின் பிள்ளைகள். பெருநகரங்களில் லத்தீன் அமெரிக்க உணவகங்கள் பலகாரங்களைச் சிறு தட்டுகளில் பரப்பி, நாலு பேர் பகிர்ந்து உண்ணும் விருந்தைப் புதுமையாகப் பரிமாறுகின்றன. போடிக்காரர்களோ அந்த மண்ணின் விளைச்சலைத் தலைமுறைகளாகச் சின்னத் தட்டில் வாங்கித் தின்று வருகிறார்கள்.

வந்த வழியைப் பெயர்களே சொல்லும். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் மிளகாயைக் கொண்டுவரும் வரை இங்கே காரத்துக்கு மிளகுதான். புதிதாக வந்த காயும் காரமாக இருந்ததால் ‘மிளகுக்காய்’ மிளகாய் ஆனது. மணத்தக்காளி ஏற்கெனவே தக்காளி என்ற பெயரை வைத்திருந்தது. பின்னால் வந்தது சீமைத்தக்காளி. வடமாவட்டங்களில் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். அதுவே பேச்சில் மல்லாட்டை. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தக் கடல்வழியின் நினைவு ஒரு கடலைப் பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கப்பையின் கதை பசியின் கதை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், ஏழைகளின் வயிறு நிறையட்டும் என்று அதைப் பரப்பினார். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்ற முழக்கத்தோடு திருவிதாங்கூர் அரசு மலைக்காடுகளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. காட்டைத் திருத்தியவர்கள் முதலில் ஊன்றியவற்றில் கப்பைக் குச்சியும் ஒன்று.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே போடி சந்தையாக நின்றது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. 1928இல் மதுரையிலிருந்து ரயிலும் வந்தது. வண்டிக்காரர், சுமைதூக்குவோர், ஏலக்காய் வியாபாரிகள் என்று வெளியாட்கள் ஓயாமல் வந்துபோகும் ஊரில், நின்றபடியே பசியாற்றும் கடைகளுக்கு வேலை இருந்தது.

கடல் கடந்து பயிர்கள் இங்கே வந்த போக்குவரத்து ஒருவழிப் பாதையாக நிற்கவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தை ஒட்டி, ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் குவாத்தமாலாவில் கோபான் நகரை ஒட்டிய மலைகளில் ஏலத்தை நட்டார். மழையும் நிழலும் போடிக்கு மேலுள்ள ஏலமலையைப் போலவே அமைந்த இடம் அது. செடி பிடித்துக்கொண்டது. மாயா இனக் குடியானவர்கள் அதைப் பயிரிட்டுப் பெருக்க, ஏலக்காய் ஏற்றுமதியில் குவாத்தமாலா இந்தியாவை முந்திச் சென்றது.

ஆனாலும் குவாத்தமாலா மக்களின் சமையலில் ஏலக்காய்க்கு இன்றும் பெரிய இடமில்லை. அங்கே விளைவதில் பெரும்பகுதி அரபு நாட்டுக் காப்பிக்குப் போகிறது. அரபுச் சந்தையில் அந்தக் காய் குவிந்தால் போடி ஏலமையத்தில் விலை இறங்குகிறது. மலையில் காய் எடுத்துவிட்டு டீக்கடை வாசலில் மிளகாய் பஜ்ஜியோடு நிற்கும் பெண்ணின் வருமானத்தையும் அந்த விலைதான் தீர்மானிக்கிறது.