இங்கிலாந்தில் சமூகப் பராமரிப்பு மீதான உள்ளாட்சி மேற்பார்வை

இங்கிலாந்தில் சமூகப் பராமரிப்பு மீதான உள்ளாட்சி மேற்பார்வை என்பது, வயதுவந்தோருக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் வழங்கும் பராமரிப்புச் சேவைகளை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்கள் கண்காணித்து ஆராயும் முறையாகும். ஐக்கிய இராச்சியத்தில் மருத்துவம் தேசிய நலச் சேவையால் பெரும்பாலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. ஆனால் குளிக்க, உண்ண, உடை மாற்ற, வெளியே சென்றுவர ஒருவருக்குத் தேவைப்படும் அன்றாட உதவி சமூகப் பராமரிப்பு எனப் பிரித்துப் பார்க்கப்படுகின்றது. இங்கிலாந்தில் இதற்கான பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களைச் சார்ந்தது. வயதுவந்தோர் தமது வருமானத்துக்கும் சேமிப்புக்கும் ஏற்ப இதற்குக் கட்டணம் செலுத்த நேரிடும்.

இச்சேவைகளைப் பெறுவோரில் பலர் தாமே குரல் எழுப்ப இயலாத நிலையில் இருப்பவர்கள். ஆகவே, சேவை சரியாக நடைபெறுகின்றதா என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கேள்வி கேட்போர் தேவைப்படுகின்றனர். மன்றத்தின் ஆய்வுக் குழு அப்பணிக்காக அமைந்த ஒரு சட்டபூர்வ அமைப்பாகும்.

பொறுப்புடைய மன்றங்கள்

இங்கிலாந்தில் எல்லா உள்ளாட்சி மன்றங்களும் சமூகப் பராமரிப்பை வழங்குவதில்லை. கவுண்டி மன்றங்கள், ஓரடுக்கு மன்றங்கள், பெருநகர மன்றங்கள், இலண்டன் பரோக்கள் ஆகியன இப்பொறுப்பை ஏற்கின்றன. ஈரடுக்கு ஆட்சி உள்ள பகுதிகளில் கீழடுக்கில் இயங்கும் மாவட்ட மன்றங்களுக்கு இப்பொறுப்பு இல்லை. 2023 ஏப்ரலில் நடந்த சீரமைப்புக்குப் பின் இத்தகைய பொறுப்புடைய மன்றங்களின் எண்ணிக்கை 153 ஆக இருந்தது.

வரலாறு

1948 முதல் 2000 வரை

1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்ட முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் தங்குமிடமும் நலச் சேவையும் வழங்கும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டின் குழந்தைகள் சட்டம் குழந்தைகளுக்கெனத் தனித் துறையை உருவாக்கியது. இதனால் ஒரே குடும்பத்தின் சிக்கல்களை வெவ்வேறு துறைகள் தனித்தனியே கையாளும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையை ஆராய்ந்த சீபோம் குழு 1968இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக இயற்றப்பட்ட 1970ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சமூகச் சேவைகள் சட்டம், ஒவ்வொரு மன்றமும் ஒரு சமூகச் சேவைகள் குழுவையும் ஓர் இயக்குநரையும் கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. குழந்தைகள், வயதுவந்தோர் ஆகிய இரு பிரிவினருக்குமான சேவைகள் ஒரே துறையின் கீழ் வந்தன. அதே ஆண்டில், ஆல்ஃப் மோரிஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியாக, நாள்பட்ட நோயாளர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சட்டமும் நிறைவேறியது.

2000க்குப் பின்

2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பழைய குழு முறையை மாற்றியது. பெரும்பாலான மன்றங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு சிறிய செயற்குழுவிடம் சென்றது. ஏனைய உறுப்பினர்கள் அச்செயற்குழுவைக் கேள்வி கேட்பதற்காக மேற்பார்வை ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆகவே, முன்பு சமூகச் சேவைகளைத் தாமே முடிவு செய்த உறுப்பினர்களில் பெரும்பாலோர், பிறர் எடுக்கும் முடிவுகளை ஆராய்பவர்களாக மாறினர். 2011ஆம் ஆண்டின் உள்ளூரியச் சட்டம் விரும்பிய மன்றங்கள் குழு முறைக்குத் திரும்ப வழிவிட்டது. மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் 2022இல் ஷெஃபீல்டு நகர மன்றம் அவ்வாறு திரும்பியது.

2000இல் இலண்டனில் ஒரு சிறுமி உறவினரின் கொடுமையால் இறந்ததைத் தொடர்ந்து லேமிங் பிரபு விசாரணை நடத்தி, 2003இல் அறிக்கை வெளியிட்டார். அதன் பின் வந்த 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், குழந்தைகள் சேவைக்கெனத் தனி இயக்குநரையும், அதற்குப் பொறுப்பான தனி மன்ற உறுப்பினரையும் நியமிக்கக் கட்டளையிட்டது. 1970இல் இணைக்கப்பட்ட துறை இவ்வாறு மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கல்வியோடு சேர்ந்து குழந்தைகள் துறையின் கீழ் வந்தனர். மாற்றுத்திறனாளி வயதுவந்தோர் முதியோருடன் மற்றொரு துறையின் கீழ் நின்றனர்.

சட்டக் கடமைகள்

வயதுவந்தோர்

2015 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வயதுவந்தோர் சேவைக்கான முதன்மைச் சட்டமாகும். தேவை இருப்பதாகத் தோன்றும் எவரையும் மன்றம் மதிப்பீடு செய்ய வேண்டும். தகுதியுடைய தேவைகளை நிறைவு செய்வதும், துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியோர் குறித்து விசாரிப்பதும் மன்றத்தின் கடமைகளாகும்.

இச்சட்டத்துக்கு முன்பு, யாருக்கு உதவி என்பதை ஒவ்வொரு மன்றமும் தானே வரையறுத்தது. 2003 முதல் நடப்பிலிருந்த வழிகாட்டுதலின்படி தேவைகள் நெருக்கடி, கணிசம், மிதம், குறைவு என 4 படிகளாகப் பிரிக்கப்பட்டன. எந்தப் படிக்கு மேல் உதவி வழங்குவது என்பதை மன்றம் தன் நிதிநிலைக்கேற்ப முடிவு செய்யலாம். 1997இல் குளோஸ்டர்ஷயர் கவுண்டி தொடர்பான வழக்கில், தேவையை மதிப்பிடும்போது நிதி நிலையையும் கருத்தில் கொள்ளலாம் எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்திருந்தது. 2015இல் நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சத் தகுதி வரையறை நடைமுறைக்கு வந்தது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள்

1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவரையும் "தேவையுள்ள குழந்தைகள்" என வரையறுக்கின்றது. மன்றம் தன் பகுதியிலுள்ள இக்குழந்தைகளின் பதிவேட்டைப் பேண வேண்டும். எனினும் குடும்பங்கள் அதில் பதிந்துகொள்வது கட்டாயமன்று. எனவே பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையை மட்டும் கொண்டு உண்மையான தேவையை அளக்க முடியாது.

இக்குழந்தைகளுக்கான சேவைகளில் இடைஓய்வுச் சேவை முக்கியமானதாகும். குழந்தையைச் சில மணி நேரமோ சில நாட்களோ வேறொருவர் பராமரிப்பதன் மூலம், இரவு பகலாகப் பராமரிக்கும் பெற்றோருக்கு ஓய்வும், குழந்தைக்கு வெளியுலகத் தொடர்பும் கிடைக்கின்றன. 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒவ்வொரு மன்றமும் இச்சேவைகளையும் அவற்றைப் பெறுவதற்கான தகுதிகளையும் விளக்கும் அறிக்கையை வெளியிட வேண்டும்.

2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், சிறப்புக் கல்வித் தேவையுடையோருக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய ஒரே திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இத்திட்டம் 25 வயது வரை நீடிக்கலாம். வயதுவந்தோருக்கு உள்ளதுபோன்ற நாடு தழுவிய தகுதி வரையறை குழந்தைகளுக்கு வகுக்கப்படவில்லை. இதனைச் சீர்செய்யுமாறு 2025இல் சட்ட ஆணையம் அரசுக்குப் பரிந்துரைத்தது.

ஆய்வுக் குழுக்கள்

அமைப்பு

செயற்குழு முறையைப் பின்பற்றும் மன்றம் குறைந்தது ஓர் ஆய்வுக் குழுவையாவது அமைக்க வேண்டும். செயற்குழு உறுப்பினர்கள் அதில் இடம்பெறக் கூடாது. குழுவின் இடங்கள் மன்றத்திலுள்ள கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிரப்படுகின்றன. ஆகவே ஆளுங்கட்சியே பெரும்பாலும் குழுவிலும் பெரும்பான்மை பெறுகின்றது. கல்வியை ஆராயும் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கும் திருச்சபைப் பிரதிநிதிகளுக்கும் கல்வி தொடர்பான பொருள்களில் வாக்குரிமை உண்டு. பல மன்றங்கள் வயதுவந்தோர் சேவையை ஒரு குழுவிடமும், குழந்தைகள் சேவையை மற்றொரு குழுவிடமும் ஒப்படைத்துள்ளன.

அதிகாரங்கள்

* செயற்குழு உறுப்பினர்களையும் மன்ற அலுவலர்களையும் நேரில் வந்து விடையளிக்கச் செய்தல்.
* எடுக்கப்பட்டு இன்னும் செயற்படுத்தப்படாத முடிவை மறுபரிசீலனைக்கு அனுப்புதல். இது மீளழைப்பு எனப்படும்.
* ஒரு பொருளை ஆழ்ந்து ஆராயச் சிறு பணிக்குழுக்களை அமைத்தல்.
* அறிக்கையும் பரிந்துரையும் வெளியிடுதல். இவற்றுக்கு விடையளிக்குமாறு கோரப்பட்டால் செயற்குழு 2 மாதங்களுக்குள் விடையளிக்க வேண்டும்.
* 2001ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின், உள்ளூர் மருத்துவச் சேவைகளையும் ஆராய்தல்.

எல்லைகள்

ஆய்வுக் குழு பரிந்துரைக்கலாம், ஆணையிட முடியாது. மன்றத்துக்காகப் பராமரிப்பு வழங்கும் தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தி அழைக்கவும் அதற்கு அதிகாரமில்லை. பராமரிப்பில் பெரும்பகுதி இத்தகைய நிறுவனங்களிடமிருந்தே வாங்கப்படுவதால் இது பெரிய குறையாகக் கருதப்படுகின்றது. மேலும், ஒரு பகுதியில் கடுமையான குறைபாடுகளையுடைய குழந்தைகள் மிகச் சிலரே இருப்பர். விவரங்களை விரிவாக வெளியிட்டால் அக்குழந்தை யார் என்பது தெரிந்துவிடும். மொத்தக் கணக்காகத் தந்தால் சிக்கல் மறைந்துவிடும்.

பிற கண்காணிப்பு அமைப்புகள்

குழந்தைகள் சேவையை ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வகம் சோதித்து, 4 படிகளில் தரமிடுகின்றது. 2009 ஏப்ரலில் செயற்படத் தொடங்கிய பராமரிப்புத் தர ஆணையம், வயதுவந்தோருக்கான இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் சோதிக்கின்றது. மன்றங்களையே ஆண்டுதோறும் மதிப்பிடும் முறை 2010இல் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டின் சட்டம் அப்பணியை மீண்டும் ஆணையத்திடம் அளித்தது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் வயதுவந்தோர் சேவையைப் பொறுத்தவரை மன்றத்தை முழுமையாக நோக்கும் பொறுப்பு பெரிதும் உள்ளூர் ஆய்வுக் குழுவையே சார்ந்திருந்தது.

தனிப்பட்ட முறையீடுகளை உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரி விசாரிக்கின்றார். 2013இல் தொடங்கப்பட்ட உள்ளூர் ஹெல்த்வாட்ச் அமைப்புகளுக்குப் பராமரிப்பு இல்லங்களுக்குள் சென்று பார்க்கவும், ஆய்வுக் குழுவிடம் ஒரு பொருளை எடுத்துச் செல்லவும் அதிகாரம் தரப்பட்டது. இவ்வமைப்புகளைக் கலைக்கும் திட்டத்தை அரசு 2025இல் அறிவித்தது.

18 வயது எல்லை

மாற்றுத்திறனாளி ஒருவர் 18 வயதை அடையும்போது அவருடைய தேவை மாறுவதில்லை. ஆனால் அவருக்குப் பொறுப்பான துறை, இயக்குநர், சட்டம், சோதிக்கும் ஆய்வகம் ஆகியன மாறிவிடுகின்றன. குழுக்கள் பிரிந்துள்ள மன்றங்களில் ஆய்வுக் குழுவும் மாறுகின்றது. அதுவரை இல்லாத கட்டண மதிப்பீடும் தொடங்குகின்றது. கல்வித் திட்டம் மட்டும் 25 வயது வரை தொடரலாம்.

இம்மாற்றத்தை எளிதாக்க, 18 வயதுக்கு முன்பே எதிர்காலத் தேவையை மதிப்பிடப் பராமரிப்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவு வழிசெய்கின்றது. வயதுவந்தோர் துறை தன் முடிவை எடுக்கும்வரை குழந்தைப்பருவச் சேவை இடைநிற்றலின்றித் தொடர வேண்டும் என்பதும் விதியாகும். எனினும், குழந்தைகள் குழுவின் கணக்கிலிருந்து நீங்கும் ஒருவர் வயதுவந்தோர் குழுவின் கணக்கில் சேர்ந்தாரா என்பதை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் இவ்விதி பின்பற்றப்படுகின்றதா எனத் தெரியவரும். இதற்காக இரு குழுக்களும் இணைந்து ஆய்வு நடத்துவதுண்டு.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

விண்டர்போர்ன் வியூ (2011): பிரிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த இத்தனியார் மருத்துவமனையில், கற்றல் குறைபாடுடையோர் துன்புறுத்தப்பட்டதை 2011 மே மாதம் பிபிசி பனோரமா நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தது. ஊழியர் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 6 பேர் சிறை சென்றனர். மன்றத்துக்கு முன்பே வந்திருந்த எச்சரிக்கைகள் தனித்தனி நிகழ்வுகளாகவே பார்க்கப்பட்டன என்பதும், அவற்றைச் சேர்த்து நோக்கவில்லை என்பதும் 2012இல் வெளியான மீளாய்வில் தெரியவந்தன.

மேற்கு பெர்க்‌ஷயர் (2016): இடைஓய்வுச் சேவை வழங்கும் தொண்டு நிறுவனங்களுக்கான நிதியைக் குறைத்த மன்றத்தின் முடிவு சட்டப்படி செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் தொடர்பான சட்டக் கடமைகள், வாக்களித்த உறுப்பினர்களுக்கு முறையாக எடுத்துரைக்கப்படவில்லை என்பது முக்கியக் காரணமாகும். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் முடிவெடுத்த முறையைத்தான் ஆராய்கின்றது. எவ்வளவு நிதி ஒதுக்குவது என்பதை மன்றமே முடிவு செய்யும்.

டான்காஸ்டர் (2022): மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான 3 தங்குமிடங்களில் நடந்த கொடுமைகள் குறித்துத் தேசியக் குழந்தைப் பாதுகாப்பு மீளாய்வுக் குழு அறிக்கை வெளியிட்டது. அங்கிருந்த 108 குழந்தைகளையும் இளைஞர்களையும் 55 மன்றங்கள் அனுப்பியிருந்தன. பலர் சொந்த ஊரிலிருந்து தொலைவில் இருந்தனர். ஒவ்வொரு மன்றமும் தான் அனுப்பிய ஓரிருவரைப் பற்றி மட்டுமே அறிந்திருந்தது. இத்தகைய இல்லங்களில் தாம் சேர்த்துள்ள குழந்தைகளின் நிலையை உடனே ஆராயுமாறு நாடெங்கும் உள்ள குழந்தைகள் சேவை இயக்குநர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

திறனாய்வு

2017 டிசம்பரில், ஆய்வுக் குழுக்களின் பயன் குறித்து நாடாளுமன்றக் கீழவையின் தெரிவுக்குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக் குழுக்களுக்குப் பல மன்றங்களில் போதிய மதிப்பும், தனி அலுவலர்களும், தகவலும் கிடைப்பதில்லை என அது சுட்டிக்காட்டியது. இதன் தொடர்ச்சியாக 2019 மே மாதம் அரசு சட்டபூர்வ வழிகாட்டுதலை வெளியிட்டது.

ஆய்வு செய்யப்படும் அலுவலர்களே ஆய்வுக்கான அறிக்கையையும் தயாரிக்கின்றனர் என்பது இம்முறையின் அடிப்படைச் சிக்கலாகும். சேவையைப் பெறுவோரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் நேரடியாகக் கேட்டறிவதே இதற்கு மாற்று வழியாகக் கூறப்படுகின்றது.

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகள்

வேல்ஸில் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சமூகச் சேவைகள் மற்றும் நல்வாழ்வுச் சட்டம் எல்லா வயதினரையும் உள்ளடக்குகின்றது. ஒரே இயக்குநர் இரு பிரிவினருக்கும் பொறுப்பாவார். ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவமும் வயதுவந்தோர் பராமரிப்பும் இணைக்கப்பட்டன. வட அயர்லாந்தில் இச்சேவைகளை உள்ளாட்சி மன்றங்கள் அல்லாது நலம் மற்றும் சமூகப் பராமரிப்பு அறக்கட்டளைகள் வழங்குகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* ஐக்கிய இராச்சியத்தின் உள்ளாட்சி
* தேசிய நலச் சேவை
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள்
* குறைகேள் அதிகாரி