இருளர் தொழிலும் ரத்தத்தின் பொறியும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள புதர்க்காடுகளில் இருளர்கள் நடத்திவந்த பாம்புபிடித் தொழிலை அழிந்துவரும் பழங்குடி வழக்கமாகவே பலரும் எழுதுகிறார்கள். மருத்துவ வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். தோலுக்காகப் பாம்பு பிடித்த காலத்தை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடித்துவைத்தது. பிழைப்புப் போனது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகச் சிக்கிய இருளர் குடும்பங்கள் பல. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் பாம்பு பிடிப்போருக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுவது அதன் வேலை.

மருந்து எதற்கு, விஷத்தை அடக்க உடம்பிலேயே ஏதும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. விரியன் விஷத்தில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் மிகுதி. அத்தகைய நொதிகளைப் பிடிக்க ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் என்ற பெரும்புரதம் நம் பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் அளவில் எப்போதும் ஓடுகிறது. அதன் செயலை 1973-இல் பாரெட்டும் ஸ்டார்க்கியும் விளக்கினார்கள். நான்கு சங்கிலிகளாலான அந்தப் புரதத்தில் இரைபோல ஒரு பகுதி உண்டு. நொதி அதைக் கடித்ததும் புரதம் உருமாறி, எலிப்பொறியாக நொதியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. நொதி சாவதில்லை. உள்ளே நுழையும் சிறு மூலக்கூறுகளை அது இன்னும் வெட்டும். வெளியிலுள்ள பெரிய புரதங்களை அதனால் தொட முடியாது. உருமாறிய பொறியை ஈரல் செல்களின் ஏற்பிகள் கண்டுகொண்டு, சில நிமிடங்களில் உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றன. நான் வியக்கும் ஏற்பாடு இது.

ஆனாலும் பாம்புக்கடிக்கு இது போதாது. ரத்தக்கசிவை உண்டாக்கும் விரியன் நொதிகளில் பெரியவை பல இந்தப் பொறிக்குள் அடங்குவதில்லை. அவை நுண்குழாய்ச் சுவர்களைத் தகர்த்துவிடுகின்றன. நாகமும் கட்டுவிரியனும் செலுத்தும் நரம்பு நஞ்சுகளோ புரதத்தை வெட்டுபவையே அல்ல. இரையைக் கடிக்காததைப் பொறி பிடிக்காது. ஆகவே எதிர்ப்புரதங்களை வெளியிலிருந்துதான் தர வேண்டும். அவற்றைக் குதிரையின் ரத்தத்தில் உருவாக்க முதலில் விஷம் வேண்டும். நாட்டின் மருந்து நிறுவனங்களுக்கு நெடுங்காலமாக அதில் பெரும்பகுதி வந்தது இருளர் கைகளிலிருந்து.

தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து பிற மாநிலங்களில் அதே அளவு பலிப்பதில்லை என்ற குறை உண்மையானது. ஒரே இனத்தின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. அதற்காக இத்தொழிலைக் கைவிடச் சொல்வது சரியல்ல. மற்ற வட்டாரங்களிலும் பாம்பை உயிரோடு பிடித்து விஷம் எடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அதைக் கற்றுத்தர இருளர்களைவிடத் தகுந்தவர் இல்லை. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கே சென்று மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.