யோனாவை விழுங்கியது திமிங்கிலமா?

வாடைக்காற்று அடங்கித் திருக்கோணமலைக் கடல் அமைதியாகும் மாதங்களில் திமிங்கிலங்கள் கண்ணில் படும். உடனே யோனாவின் கதையும் நினைவுக்கு வந்துவிடும். "அவரை விழுங்கியது இதுதானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இவ்வினா பிறந்தது ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து.

மத்தேயு நற்செய்தி 12ஆம் அதிகாரம் 40ஆம் வசனத்தில் இயேசு யோனாவை நினைவுகூர்கிறார். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கேட்டோஸ்'. யோனாவின் எபிரேய நூலிலோ 'பெரிய மீன்' என்று பொருள்படும் இரு எளிய சொற்களே உள்ளன. கிறிஸ்துவுக்கு முன்பே எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் அவ்விடத்தில் கேட்டோஸ் என்று எழுதினர். ஆதியாகமம் 1:21இல் கடவுள் படைத்த பெரும் கடலுயிர்களுக்கும் அதே சொல்லையே இட்டனர்.

கிரேக்கருக்குக் கேட்டோஸ் ஓர் இனத்தின் பெயரன்று. சீல் எனப்படும் கடல்நாயையும் ஹோமர் அவ்வாறே அழைக்கிறார். அந்திரோமேதாவை விழுங்க வந்த புராணப் பூதமும் கேட்டோஸ்தான். அக்கதை நிகழ்ந்த இடமாகப் பழையோர் காட்டியது யோப்பா துறைமுகம். யோனா கப்பலேறியதும் அங்கேதான். அந்தப் பூதத்தின் எலும்புகள் என்று சொல்லி, ஸ்கௌருஸ் என்னும் உரோம அதிகாரி கி.மு. 58இல் யோப்பாவிலிருந்து தருவித்த எலும்புக்கூட்டை உரோமில் காட்சிக்கு வைத்தார். அதன் நீளம் 40 அடி என்றும், விலா எலும்புகள் இந்திய யானையினும் உயரம் என்றும் பிளினி எழுதிவைத்தார். அது திமிங்கிலத்தின் எலும்பாக இருந்திருக்கலாம்.

இச்சொல் இலத்தீனில் 'கேத்துஸ்' ஆயிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் மத்தேயுவில் திமிங்கிலம் என்றே எழுதியது. யோனா நூலில் மட்டும் பெரிய மீன் என்று விட்டது. 1758இல் லின்னேயஸ் திமிங்கிலங்களைப் பாலூட்டிகளோடு சேர்த்து, அவ்வரிசைக்குக் 'கேட்டே' என்று பெயரிட்டார். அச்சத்தைக் குறித்த சொல் விலங்கியற் சொல்லாகிவிட்டது. மனிதன் நுழையுமளவு திமிங்கிலத்தின் தொண்டை அகலமா என்ற வழக்கும் வலுத்தது.

அவ்வழக்கின் இரு தரப்புச் சாட்சிகளும் திருமலைக் கடலிலேயே உண்டு. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதால் அவை கரைக்கு அண்மையில் வருகின்றன. உலகின் மிகப் பெரிய உயிரான நீலத் திமிங்கிலத்தால் மனிதனை விழுங்க முடியாது. அதன் தொண்டை அவ்வளவு ஒடுக்கம். பெருங் கணவாய்களை விழுங்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தால் முடியலாம். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் இங்கே எண்ணெய்த் திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். பின்னர் போர் மூண்டது. அக்காலத்தில் இக்கடலைப் பற்றி நான் எழுதிய செய்திகள் பெரும்பாலும் மீன்பிடித் தடை பற்றியவையே. 2009இல் போர் முடிந்த பின்னரே திமிங்கிலம் காட்டும் படகுகள் பெருகின.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வழக்கில் சிக்கவில்லை. வழக்கிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் யோனா நூலிலும் மத்தேயுவிலும் 'பெரிய மீன்' என்றே உள்ளது. ஆதியாகமத்தில் 'மகா மச்சங்கள்'. திமிங்கிலம் என்ற சொல் கையில் இருந்தும் அதை எடுக்கவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம்கள் இவரை யூனுஸ் நபியாகப் போற்றுகின்றனர். திருக்குர்ஆன் அவரை 'மீனுக்குரியவர்' என்றே அழைக்கிறது.

எந்த விலங்கு என்று கதை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. யோனாவைக் கடலில் எறிந்தவர்கள் மாலுமிகள். மூழ்கவிருந்தவரை மூன்று நாள் சுமந்து கரை சேர்த்தது மீன். அச்சத்தின் பெயரைத் தாங்கிய உயிரே அடைக்கலமாயிற்று என்பதே கதையின் பொருள். தொண்டையை அளக்கப் புகுந்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.