பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டி

பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டி என்பது தேங்காய் எண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் வினைபுரியச் செய்து வார்க்கப்படும் கட்டி. சமையல் பாத்திரங்களைக் கையால் தேய்த்துக் கழுவப் பயன்படுகிறது. கடைகளில் ‘பார்’ என்று விற்கும் பாத்திரக் கட்டிகளில் பெரும்பாலானவை சோப்பு அல்ல, பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து செய்யப்படும் டிடர்ஜென்ட் கட்டிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் கடின நீரிலும் புளிப்புப் பொருள்களோடும் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன. சோப்புக் கட்டிக்கு மாறும் வீடுகள் கழுவும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

வரலாறு

விறகடுப்பு எரிந்த காலத்தில் தமிழக வீடுகளில் பாத்திரம் துலக்கச் சாம்பல், செங்கல் பொடி, சீயக்காய்ச் சக்கை, புளி ஆகியவை பயன்பட்டன. தேய்ப்பதற்குத் தேங்காய் நாரோ வைக்கோலோ இருந்தது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை கொண்டது. அது எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். சாம்பல் துகள்கள் உராய்ந்து கரியை எடுத்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கைப் பிரித்தது. எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் கிடைப்பது அரிதானது. அந்த இடத்தைச் சபீனா போன்ற துலக்கும் தூள்கள் பிடித்தன. 1993இல் விம் பார் இந்தியச் சந்தைக்கு வந்தபின் கட்டியின் காலம் தொடங்கியது.

உண்மையான சோப்பில் பாத்திரம் கழுவும் வழக்கம் மத்தியதரைக் கடல் நாடுகளில் பழையது. பிரான்சின் மார்செய் நகரச் சோப்புக்கு 1688இல் பதினான்காம் லூயியின் அரசு விதி வகுத்து, ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்ப்பதைத் தடைசெய்தது. எண்ணெய் 72 விழுக்காடு என்று முத்திரை பதித்த அந்தக் கனசதுரக் கட்டி துணிக்கும் பாத்திரத்துக்கும் இன்றும் பயன்படுகிறது. 1791இல் நிக்கோலா லெப்லாங் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காரம் மலிவானதும் சோப்பும் மலிவானது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்ததால் செயற்கை டிடர்ஜென்ட் பிறந்தது. இன்றைய டிடர்ஜென்டுகளின் முக்கிய மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன், சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையிலும் தயாராகிறது.

செயல்படும் விதம்

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரோடு ஒட்டும். நீண்ட வால்பகுதி எண்ணெயோடு ஒட்டும். தேய்க்கும்போது வால்கள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்துகொள்ள, நீர் அந்தத் துளியை அப்படியே அடித்துச் செல்கிறது. நுரையின் அளவுக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து கிடைக்கும் சோப்பு குளிர்ந்த நீரிலும் எளிதில் கரையும், பிசுக்கை வேகமாக வெட்டும். பாமாயில் சோப்பு கட்டியாக இருந்து நெடுநாள் உழைக்கும். குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் கரையும்.

தயாரிப்பு

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுதும் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கரைசலுக்கு அதன் இரு மடங்கு எடை நீர் போதும். குளியல் சோப்பில் தோலுக்காகக் கணிசமான எண்ணெயை வினைபுரியாமல் விட்டுவைப்பார்கள். பாத்திரச் சோப்பில் அப்படி விட்டால் பாத்திரத்தில் வழவழப்பு தங்கும். ஆகவே ஒன்றிரண்டு விழுக்காடு மட்டுமே விடப்படுகிறது. காஸ்டிக் சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வார்த்த கட்டிகளை நான்கு வாரமாவது காற்றில் ஆறவிட்டால் நீர் வற்றி இறுகும்.

காஸ்டிக் சோடா கலக்காத இயற்கைச் சோப்பு என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப முடியாது. காரம் இல்லாமல் சோப்பு இல்லை. வினை முடிந்ததும் அந்தக் காரம் தனியாக எஞ்சுவதில்லை, அவ்வளவே. உறையில் சோடியம் கோகோயேட், சோடியம் பாமேட், சோடியம் ஒலிவேட் என்றிருந்தால் சோப்பு. சோடியம் லாரைல் சல்பேட், அல்கைல் பென்சீன் சல்போனேட் என்றிருந்தால் டிடர்ஜென்ட்.

கழுவும் முறை

முதலில் எச்சிலையும் மிச்சத்தையும் வழித்தெடுத்து, எண்ணெய்ச் சட்டிகளைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். நனைத்த பீர்க்கங்காய் நாரையோ தேங்காய் நாரையோ கட்டியின்மேல் நான்கைந்து முறை இழுத்தால் போதிய சோப்பு ஏறிவிடும். கண்ணாடித் தம்ளர், தட்டு, குழம்புச் சட்டி, வாணலி என்று பிசுக்குக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போவது முறை. வெந்நீர் இருந்தால் வேலை பாதியாகும். கட்டியை நீர் தேங்கும் கிண்ணத்தில் போட்டால் ஒரே நாளில் கூழாகிவிடும். துளையிட்ட தட்டில் வைத்துக் காயவிட வேண்டும். நாரையும் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஈர நாரில்தான் கிருமிகள் பெருகும்.

பாத்திர வகைகள்

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றுக்குச் சோப்புக் கட்டி நன்றாகப் பொருந்தும். அலுமினியத்தைக் காரம் மங்கச் செய்யும்; ஊறவிடாமல் உடனே அலச வேண்டும். மண்சட்டியும் கல்சட்டியும் நுண்துளைகளில் சோப்பை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் கக்கும். அவற்றுக்குச் சீயக்காய்த் தூளோ அரிசி கழுவிய நீரோ ஏற்றது. பழக்கிய இரும்புத் தோசைக்கல்லுக்கும் அதுவே.

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பிசுக்கு வேறு, களிம்பு வேறு. பிசுக்கைச் சோப்பு போக்கும். களிம்பைப் புளியில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் கரைக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தேய்த்தால் அமிலம் சோப்பை உடைத்து மீண்டும் கொழுப்பு அமிலமாக்கிவிடும். நுரை அடங்கி, வெள்ளைப் பிசின் ஒட்டும். சோப்பில் கழுவி நன்றாக அலசிய பிறகே புளி போட வேண்டும். எலுமிச்சைக்கும் வினிகருக்கும் இதே விதி. ‘எலுமிச்சை மணம்’ கொண்ட கடைக் கட்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிடர்ஜென்டை அமிலம் இப்படி உடைப்பதில்லை.

கடின நீர்

சோப்பின் பெரிய எதிரி போர்வெல் நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத உப்பாகித் திரியும். கண்ணாடித் தம்ளரில் புகை படிந்ததுபோல் தெரிவது அதுதான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மேல் எல்லையை ஒட்டிய நீரில் சோப்பின் பெரும்பகுதி கழுவுவதற்கு முன்பே வீணாகும். கழுவும் நீரில் சிறிது சலவைச் சோடா சேர்ப்பது, கடைசி அலசலுக்கு மழைநீர் எடுப்பது, சோப்பு முற்றும் போனபின் வினிகர் கலந்த நீரில் ஒருமுறை முக்கியெடுப்பது ஆகியவை பயன் தரும்.

கைகளும் கழிவுநீரும்

சோப்பின் காரத்தன்மை பொதுவாக பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும், கைத்தோல் வறளலாம். கழிவுநீரில் சோப்பு விரைவாகச் சிதைகிறது. ஆனால் அதிலுள்ள சோடியம் மண்ணில் தங்கும். முற்றத்து வாழைக்கு அலசிய நீரைப் பாய்ச்சலாம்; தொட்டிச் செடிக்கு ஊற்றக் கூடாது.

சோப்புக் கட்டி ஒரு வீட்டுக்கு ஒத்துவருமா என்பதைக் கட்டி வாங்கும் முன்பே அறியலாம். பாட்டிலில் பாதியளவு குழாய் நீர் எடுத்து, டிடர்ஜென்ட் கலக்காத சோப்பை ஒரு சிட்டிகை சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைத்து நின்றால் தாராளமாக மாறலாம். தயிர்போல் திரிந்தால் முதலில் நீருக்கு வழி பாருங்கள்.