மின்கடத்தலும் வெப்பமும்: கொழும்பு நகரை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வாளராகிய நாம் பொறியியற் கணிப்பொன்றினைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு நகரம் தனது மின்சாரத்தை எங்கிருந்து, யாருடைய தலைக்கு மேலாகக் கொண்டு வருகின்றது என்பது சமூக வரலாற்றுக்குரிய வினாவேயாகும்.

கடத்தியிற் பாயும் மின்னோட்டம் இருமடங்கானால் அதிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும். தலைக்கு மேற் செல்லும் கம்பியின் வெப்பத்தைக் காற்று செலவின்றிக் கொண்டு செல்கின்றது. நிலத்தினுள் அவ்வசதி இல்லை. வாயுக்காவலி மின்வழியில், அலுமினிய உறையினுள் குழாய் வடிவக் கடத்தி அமைய, இடைவெளியை அமுக்கப்பட்ட கந்தக அறுபுளோரைட்டு வாயு நிரப்புகின்றது. கடத்தியின் வெப்பம் மேற்காவுகையாலும் கதிர்வீசலாலும் உறையை அடைந்து, அங்கிருந்து மண்ணுக்கோ சுரங்கக் காற்றுக்கோ செல்லவேண்டும். உறையிலே தூண்டப்படும் ஓட்டமும் தன் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கும். கடத்தி சூடேறச் சூடேற அதன் தடையும் உயர்வதால், வெப்பநிலையை ஊகித்து, தடையைத் திருத்தி, பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமப்படும் வரை மீண்டும் மீண்டும் கணிக்கின்றனர். மின்வழி எவ்வளவு ஓட்டத்தைத் தாங்கும் என்பதனை இக்கணிப்பே வரையறுக்கின்றது. ஜெர்மனியின் ஷ்லுக்ஸே நீர்மின் திட்டத்தில் 1975இல் இத்தகைய மின்வழி இயங்கத் தொடங்கியது. குளிர்நாட்டு மண்ணுக்கெனக் கணித்த அளவு, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசை ஒட்டிய கொழும்புக்குப் பொருந்தாது.

கொழும்பில் மின்னொளி கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியட் அறையில் ஏற்றப்பட்டது. தொடக்கமே வர்க்க அடையாளத்துடன்தான்! 1899இல் ட்ராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடலாயின. கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வரை அவை சென்றன. 1929இல் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர்.

மலைநாட்டு நீர்வலுவைப் பயன்படுத்தும் திட்டத்தை டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். லக்ஷபானவின் முதற் கட்டம் 1950இலேதான் நிறைவேறியது. மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு ஈராண்டே கழிந்திருந்தது. தேயிலைத் தோட்டங்களின் மேலாகக் கம்பிகள் கொழும்பை நோக்கிச் சென்றன. கீழேயிருந்த லயன்களிற் பல, அதன் பின்னரும் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே கிடந்தன.

அதே மின்சாரம் கொழும்பை அடைந்ததும் நிலத்தினுள் இறங்குகின்றது. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும், வெள்ளவத்தையை அடுத்துள்ள ஹவ்லொக் டவுனிலும் 132 கிலோவோல்ற்று வடங்கள் நிலக்கீழ்ச் செல்வன. உபநிலையங்களும் வாயுக்காவலி முறையின. நகர அழகோ பாதுகாப்போ மட்டும் இதற்குக் காரணமன்று. நிலவாடகை உயர்ந்த இடத்திற் கம்பிக்கெனத் திறந்த நிலத்தை ஒதுக்க எந்த நிலவுடைமையாளனும் இணங்கான். நிலத்திற் சேமித்த பணத்துக்கு ஈடாகவே பொறியியலாளர் வெப்பத்தோடு மல்லாடுகின்றார். தொடர்மாடிகளிற் குளிரூட்டிகள் ஒருங்கே இயங்கும் வேளையிலே வடங்களின் சூடும் ஏறுகின்றது.

சமன்பாட்டின் எல்லை உறைக்கு வெளியேயுள்ள மண்ணோடு முடிவடைகின்றது. அவ்வாயு கசிந்தால், காபனீரொட்சைட்டினும் 20,000 மடங்கிற்கு மேலாகப் புவியை வெப்பமுறச் செய்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளியில் நிற்கும். அக்கணக்கும், லயன்களின் கணக்கும் இன்னும் வேறு ஏடுகளிலேயே எழுதப்படுகின்றன.