பார்க்கும் தலை: கூவாகத்து அரவானும் ஐரோப்பிய ஓவியத்தில் வர்ஜிலின் காப்பியமும்

ரோமின் பிறப்பைச் சொல்ல வர்ஜில் பாடிய ‘ஈனியட்’ பன்னிரண்டு காண்டம் கொண்டது. அதைத் தூரிகையில் எடுத்த ஐரோப்பிய ஓவியர்களுக்குக் கதைத்தலைவன் ஈனியாஸ் இத்தாலியில் நடத்திய போர்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவன் கைவிட்டுப்போன கார்த்தேஜ் அரசி டைடோதான் அவர்களைத் திரும்பத் திரும்ப இழுத்தாள். குவெர்ச்சினோ 1631இல் அவளைச் சிதைமேல் வாளில் சாய்த்து, பின்புறக் கடலில் ஈனியாஸின் கப்பல்களைத் தீட்டினார். ரெனால்ட்ஸ் 1781இல் அதே சாவை வரைந்தார். டர்னர் கடைசியாகக் கலந்துகொண்ட 1850ஆம் ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சிக்கு அனுப்பிய நான்கு ஓவியங்களும் டைடோ–ஈனியாஸ் கதையைச் சேர்ந்தவை. காப்பியத்துக்கு ஒரு மையம், ஓவியத்துக்கு வேறொரு மையம்.

இதே நகர்வு நம் நடுநாட்டிலும் நடந்திருக்கிறது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே விரியும் சமவெளியில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது கூவாகம். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைதோறும் பதினெட்டு நாள் நடக்கும் விழா பாரதப் போரை மீண்டும் நடத்துகிறது. அதன் நாயகன் தருமனோ அருச்சுனனோ அல்லன். அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான். வடமொழிப் பாரதத்தில் இராவான் என்ற பெயரில் பீஷ்ம பருவத்தில் வரும் அவன், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனிடம் மடிகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் இடம் சொற்பம். போர் வெற்றிக்காகத் தன்னையே பலி தரும் களப்பலி, மோகினித் திருமணம், வெட்டுண்ட தலை போரைப் பார்ப்பது ஆகிய மூன்றும் அங்கே இல்லை.

களப்பலியைப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே காண்கிறோம். அது ஒன்பதாம் நூற்றாண்டு நூல். பின்னர் வில்லிபுத்தூரார் அதை விரித்தார். அவர் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். அவரை ஆதரித்தவன் வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான். ஆக, கூத்தாண்டவர் வழிபாடு வேரூன்றிய நிலப்பகுதியிலேயே தமிழின் பெரும் பாரதமும் உருவாயிற்று. ஆனால் வில்லியின் அரவான் தன் உடற்சதையைப் பலி கொடுத்த பிறகும் உயிரோடு இருந்து போர்க்களத்தில் மடிகிறான். மணமாகாதவன் சாகக்கூடாது என்று கண்ணனே மோகினியாகி அவனை ஓரிரவு மணப்பதும், தலை மட்டும் கம்பத்தின் மேலிருந்து பதினெட்டு நாள் போரையும் பார்ப்பதும் நாட்டார் மரபு சேர்த்தவை. இவற்றைப் பாமரர் கற்பனை என்று ஒதுக்குவது ஆய்வாளரின் சோம்பல் என்பேன். ஒரு காப்பியம் காட்சிக்கலைக்குள் நுழையும்போது எந்தப் பாத்திரம் தாக்குப்பிடிக்கும் என்பதை அந்தக் கலையின் வடிவமே தீர்மானிக்கிறது. கூவாகத்தின் வடிவத்துக்கு இப்படியொரு தலை தேவைப்பட்டது. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஐரோப்பிய ஓவியத்தின் சிக்கலை லெஸ்ஸிங் 1766இல் எழுதிய ‘லாவோகூன்’ நூலில் கூர்மையாகப் பிடித்தார். கவிதைக்குக் காலம் உண்டு. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரே கணம்தான். 1506இல் ரோமில் தோண்டியெடுத்த லாவோகூன் சிலையில், பாம்புகள் இறுக்கும் பூசாரியின் வாய் சற்றே திறந்திருக்கிறது. வர்ஜிலின் லாவோகூனோ வெட்டுப்பட்ட காளைபோல அலறுகிறான். கல்லில் நிலைத்துவிடும் அலறல் சகிக்காது என்பதால் சிற்பி அதை அடக்கினார் என்பது லெஸ்ஸிங்கின் வாதம். உச்சத்தைக் காட்டாதே, உச்சத்துக்குச் சற்று முந்தியதைக் காட்டு, மிச்சத்தைப் பார்ப்பவர் மனம் முடித்துக்கொள்ளும் என்பது அவர் விதி. வாள் பாய்ந்த பிறகான டைடோவைத் தீட்டிய குவெர்ச்சினோ அந்த விதி பிறக்கும் முன்பே அதை மீறியவர். ஆனாலும் அவருக்கும் கிடைத்தது ஒரு கணம்தான்.

இந்த ஒற்றைக் கண அழகியல் நமக்கு அந்நியமில்லை. கூவாகத்தின் மாவட்டத்திலேயே உள்ள திருக்கோவலூரில் உலகளந்த பெருமாள் ஒரு காலை உயர்த்தி நிற்கிறார். மூன்றாம் அடி இன்னும் விழவில்லை. லெஸ்ஸிங் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். எனவே ‘மேற்கில் உறைந்த கணம், கிழக்கில் ஓடும் காலம்’ என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. ஒரே நிலப்பகுதியில் இரண்டு வடிவங்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. கூவாகம் இரண்டாவது வகை.

அந்தத் தலையை அருகிலிருந்து பார்ப்போம். செந்நிற முகம், முறுக்கிய மீசை, பெரிய காதுகளில் குண்டலம், நெற்றியில் நாமம், உயர்ந்த மகுடம். தாய்வழியைச் சொல்லும் நாகபடம் மகுடத்தின் மேல் விரிகிறது. கடைவாயில் கோரைப்பல் எட்டிப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சுபவை கண்கள். கோயில் செப்புத் திருமேனிகளில் இமை பாதி தாழ்ந்து பார்வை உள்நோக்கிச் செல்லும். அரவானுக்கு இமையே தாழ்வதில்லை. வெண்விழி வட்டமாகப் புடைத்து, கருவிழி நேரே வெளியே வெறிக்கிறது. கூத்தாண்டவர் கோயில்கள் பலவற்றிலும், திரௌபதியம்மன் கோயில்களில் வைத்திருக்கும் அரவான் தலைகளிலும், கடல் கடந்து சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் உள்ள அரவான் தலையிலும் இதே முகக்கூறுகளைப் பார்க்கலாம்.

தலை மட்டுமே நிலையானது. உடல் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுவது. வைக்கோலும் மாலைகளும் சேர்ந்து உடலாகும். புஜமும் மார்புப் பதக்கமும் குடையும் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து சேரும். ஓர் ஊரின் சிலை பல ஊர்களின் பங்கால் உருப்பெறுகிறது. சாகை வார்த்தலில் தொடங்கும் விழாவில், முழுநிலவு மாலை சுவாமி கண் திறத்தல் நடக்கும். அதே மாலை திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வார்கள். நேர்ந்துகொண்ட ஊர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தேர் அழிகளம் நோக்கிப் புறப்படும். பந்தலடியில் களப்பலி. மாலைகள் களையப்படும், உடல் கலையும், தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைப் புடவை ஏறும்.

கண் திறத்தலும் தாலியும் ஒரே மாலையில் அமைவது என் வாதத்துக்கு முக்கியமானது. நாட்டார் மரபில் அரவான் பெற்ற வரம் போரைப் பார்ப்பதற்கான வரம். ஆகவே அந்தப் படிமத்தின் வேலை காட்டுவதைவிடப் பார்ப்பது. குருக்ஷேத்திரத்தைத் தீட்டிக் காட்டக் கூவாகத்தில் சுவரும் இல்லை, திரையும் இல்லை. போர் எங்கே என்று கேட்டால் அந்தக் கண்களுக்கு முன்னால் இருப்பதெல்லாம் போர். வயல், தேர், கூட்டம், ஒப்பாரி எல்லாம். எல் கிரேக்கோ 1610க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தீட்டிய லாவோகூன் ஓவியத்தில் பின்னணி நகரம் திராய் அன்று, அவர் வாழ்ந்த டொலேடோ. மரக்குதிரை அந்த ஊர் வாசலை நோக்கி நடக்கிறது. காப்பியத்தைத் தன் ஊரில் இறக்கிவைக்கும் துணிச்சல் அது. கூவாகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரையே காப்பியத்தின் பார்வைக்குள் வைத்துவிடுகிறது.

வர்ஜிலிடமும் இதற்கு ஒரு விதை உண்டு. முதற்காண்டத்தில் கரையேறிய ஈனியாஸ், கார்த்தேஜில் ஜூனோ கோயிலில் திராய்ப் போரின் ஓவியங்களைக் காண்கிறான். போரிடும் கூட்டத்தில் தன்னையே அடையாளம் கண்டு அழுகிறான். ரோமானியக் காப்பியம் ஓவியத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் பார்ப்பவனின் கண்ணீரே முன்னால் நிற்கிறது. ஐரோப்பிய ஓவியர்களில் இதைப் பிடித்தவர் என்று நான் கருதுவது கெரானை. 1815இல் அவர் தீட்டி இன்று லூவரில் உள்ள ஓவியத்தில் திராயின் நெருப்பும் இல்லை, பிணமும் இல்லை. ஈனியாஸ் கதை சொல்கிறான். மஞ்சத்தில் சாய்ந்தபடி டைடோ கேட்கிறாள். ஈனியாஸின் மகன் வடிவில் வந்திருக்கும் காதல் தேவன், அவள் விரலிலிருந்து இறந்த கணவன் அணிவித்த மோதிரத்தைக் கழற்றுகிறான். கேட்பவள் முகத்தில்தான் போர் நடக்கிறது. அரவானுக்கு மிக நெருங்கிய உறவு இந்த டைடோ. ஆனால் அவள் நம்மைப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கு வெளியே நிற்கும் நாம் அவளுக்கு யாருமில்லை.

கூவாகத்தில் பார்ப்பவர் யாருமில்லாதவராக நிற்க இயலாது. கண் திறந்த அந்த மாலையிலேயே அவர் மனைவியாகிறார், மறுநாள் கைம்பெண். மோகினி ஓரிரவு பெண்ணான கண்ணன் என்பதால் அந்த இடத்தைத் திருநங்கையர் தம் உரிமையாக எடுத்துக்கொண்டதில் தருக்கம் துல்லியமாக இருக்கிறது. ஆண்டுதோறும் நாளிதழ்கள் விழுப்புரத்து அழகிப் போட்டியையும் தாலி அறுக்கும் புகைப்படத்தையும் வெளியிட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. திருநங்கையர் எந்தப் படிமத்தின் முன் அழுகிறார்கள் என்று ஒரு வரி வருவது அரிது. ஆல்ஃப் ஹில்ட்டெபைட்டெல் திரௌபதி வழிபாட்டு ஆய்வுகளின் தொடர்ச்சியாக 1995இல் எழுதிய கட்டுரையில், அரவானின் உடல் கட்டப்படுவதையும் சிதைக்கப்படுவதையும் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய அக்கறை உடல்மேல். எஞ்சும் தலையும் அதன் பார்வையும் அதே அளவு கவனம் பெறவேண்டும் என்பது என் தரப்பு.

சடங்கை ஓவியத்தோடு ஒப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஓவியங்களும் வெற்றுச் சுவருக்காகப் பிறந்தவை அல்ல. ரஃபேல் 1514 வாக்கில் வாட்டிகனில் ஒரு தீவிபத்தைத் தீட்டும்போது, தந்தையைத் தோளில் சுமக்கும் ஈனியாஸின் உருவத்தை ஓரத்தில் நுழைத்தார். அந்த அறை போப்பாண்டவரின் மாளிகை அறை. டியேபொலோ 1757இல் விசென்ஸா அருகே ஒரு மாளிகையில் ‘ஈனியட்’ காட்சிகளால் ஓர் அறையையே நிரப்பினார். பார்த்தவர்கள் வீட்டுக்காரரும் விருந்தினரும். காப்பியக் காட்சி எங்கும் ஒரு கூட்டத்துக்காகவே உருவாகிறது. கூவாகத்தின் கூட்டம் பெரியது, ஏழ்மையானது, அழுவதற்கென்றே வருவது. ஒப்பீட்டை முறிக்க அந்த வேறுபாடு போதாது.

உண்மையான வேறுபாடு அழிவில் இருக்கிறது. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கடைசி நாள் துரியோதனன் படுகளத்துக்காகத் தரையில் மண்ணால் பெரும் உருவம் கிடத்துவார்கள். பீமன் தொடையைப் பிளந்ததும், திரௌபதி கூந்தல் முடிந்ததும் அதன் வேலை தீர்ந்தது. அரவானின் வைக்கோல் உடலும் அப்படியே. லெஸ்ஸிங்குக்கு இருந்த அச்சம், உச்சக்கணம் நிலைத்துவிட்டால் சகிக்காது என்பது, இங்கே எழுவதே இல்லை. கோரமும் ஆவேசமும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், ஏனெனில் நாளை அது கலைந்துவிடும். நிலைத்திருக்கும் தலையும் கோர முகம்தான்; ஆனால் அது வலியின் கணத்தைக் காட்டவில்லை. வலி முடிந்த பிறகும் நீடிக்கும் விழிப்பைக் காட்டுகிறது. அதனால்தான் ஆண்டு முழுதும் அதன் முன் விளக்கேற்ற முடிகிறது. ராஜஸ்தானின் காட்டூ என்னும் ஊரில் வணங்கப்படும் பார்பரிகனும் போரைப் பார்த்த வெட்டுண்ட தலைதான். இந்த வடிவத்துக்கு இருக்கும் ஈர்ப்பு நடுநாட்டோடு முடியவில்லை.

ஐரோப்பிய வடிவம் இந்தியாவுக்குள் வந்த வழியும் தெரிந்ததே. 1888இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் ரவி வர்மாவிடம் புராண ஓவியங்கள் பதினான்கு கேட்டார். 1894இல் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. சந்தனுவும் மச்சகந்தியும் அதன்பின் ஒரு தேர்ந்தெடுத்த கணத்தில், பக்கவாட்டு ஒளியில், சட்டத்துக்குள் நின்றார்கள். அந்த இலக்கணம் நாட்காட்டி வழியாக வீடுவீடாகப் போயிற்று. அரவானும் காகிதத்தில் அச்சாகிறான். ஆனால் தாலி கட்டும் மாலையில் காகித அரவானால் கண் திறக்க முடியாது. அந்த இடத்துக்கு இன்றும் மரத்தலை வேண்டும், அதற்கு வண்ணம் பூசும் கை வேண்டும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்கள், கதவுகள், தேர்ச் சிற்பங்கள் என அதன் புகழ் பேசப்படுகிறது. கூத்தாண்டவர் தலையை அந்தக் கைவினையின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது அடுத்து செய்யவேண்டிய வேலை. எந்த ஊர் எந்த உறுப்பைக் கொண்டுவருகிறது, பழைய தலை பழுதானால் யார் செதுக்குகிறார்கள், விழியில் கடைசிக் கரும்புள்ளியை வைக்கும் உரிமை யாருடையது என்பவற்றைக் களத்தில் ஊர் ஊராகக் கேட்டுத்தான் எழுதவேண்டும்.